சென்னையில் எலெக்ட்ரிக் வண்டி வாங்கலாமா? சார்ஜ் எங்கே போடுவது, சலுகை எவ்வளவு? முழு விவரம்

ஷோரூமுக்குப் போய், வண்டியைச் சுற்றிப் பார்த்து, கலர் பிடித்து, விலையும் ஒத்துப்போன பிறகு பலரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: "சார்ஜ் எங்க போடுறது?"

பெட்ரோல் வண்டி வாங்குபவருக்கு இந்தக் கேள்வியே கிடையாது. தெருமுனை தாண்டினால் பங்க். எலெக்ட்ரிக் வண்டிக்கோ முதல் பங்க் உங்கள் வீடுதான். வெளியில் இருக்கும் சார்ஜிங் மையம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், பெரம்பூர் போன்ற பழைய ஏரியாக்களில் பல வீடுகளுக்கு பார்க்கிங் என்றாலே தெரு ஓரம்தான். வாடகை வீட்டில் இருப்பவர் ஒரு பிளக் பாயின்ட் போடக்கூட வீட்டு ஓனரைக் கேட்க வேண்டும். அபார்ட்மென்டில் சொந்த வீடே இருந்தாலும் அசோசியேஷன் சம்மதிக்க வேண்டும். ஒரே மாடல் வண்டி ஒருவருக்குப் பெரிய மிச்சமாகவும், இன்னொருவருக்குத் தினசரித் தலைவலியாகவும் மாறுவது இந்த இடத்தில்தான்.

பொது சார்ஜிங்கில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, செலவு எவ்வளவு, அரசு சலுகைகளில் எது உண்மையில் கைக்கு வரும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

• வீட்டில் சார்ஜ் போட முடிந்தால் ஓட்டும் செலவு பெட்ரோலைவிட பல மடங்கு குறையும்.
• பொது வேக சார்ஜரை மட்டுமே நம்பினால் செலவு பாதியளவு குறையும். ஆனால் நேரம் போகும்.
• தமிழ்நாட்டில் சொந்தக் கார் வாங்குபவருக்கு மிகப் பெரிய சலுகை ரொக்க மானியம் அல்ல, சாலை வரி விலக்கு. அதற்குத் தேதி உண்டு.
• வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்பது புதிய கடன்களுக்குப் பொருந்தாது.

சார்ஜிங்கில் எத்தனை வகை?

மூன்று வகை என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

முதலாவது, சாதாரண 15 ஆம்பியர் பிளக். ஏ.சி., கீசர் போடுகிற அதே பெரிய பிளக்தான். ஏறக்குறைய 3 கிலோவாட் வேகத்தில் ஏறும். ஸ்கூட்டருக்கு இது தாராளம். 30 யூனிட் பேட்டரி உள்ள காருக்கு முழுதாக ஏற 10 மணி நேரம், அதாவது ஓர் இரவு தேவை.

இரண்டாவது, சுவரில் மாட்டும் ஏசி சார்ஜர். வீடு, ஆபீஸ், மால் பார்க்கிங்கில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. 7.4 கிலோவாட் சார்ஜர் என்றால் அதே 30 யூனிட் பேட்டரி 4 முதல் 5 மணி நேரத்தில் நிரம்பும்.

மூன்றாவது, டிசி வேக சார்ஜர். நெடுஞ்சாலை ஓட்டல்கள், பெட்ரோல் பங்க்குகள், பெரிய மால்களில் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெட்டி இதுதான். 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற பல கார்களுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும்.

இதில் பலர் ஏமாறும் இடங்கள் மூன்று. ஏசி சார்ஜரில் '22 கிலோவாட்' என்று எழுதியிருந்தாலும், காருக்குள் இருக்கும் சார்ஜர் 7.2 கிலோவாட் மட்டுமே வாங்கும் என்றால் அந்த வேகத்தில்தான் ஏறும். இரண்டு கன் உள்ள டிசி பெட்டியில் இரண்டு கார்களை மாட்டினால் பல பெட்டிகள் சக்தியை இரண்டாகப் பங்கிட்டுக் கொடுக்கும். 60 என்று நினைத்துப் போனவருக்கு 30-தான் கிடைக்கும். அடுத்து, 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் ஏறும். கடைசி 20 சதவீதத்துக்காகக் காத்திருப்பது உங்களுக்கும் நஷ்டம், பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் நஷ்டம்.

எந்த வண்டிக்கு எந்த பிளக்?

இன்று விற்பனையில் இருக்கும் பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்கள் ஏசி சார்ஜிங்குக்கு டைப் 2, டிசி வேக சார்ஜிங்குக்கு சிசிஎஸ் 2 என்ற இணைப்பைப் பயன்படுத்துகின்றன. பழைய மையங்கள் சிலவற்றில் பாரத் ஏசி 001, பாரத் டிசி 001 என்ற ஆரம்பகாலத் தர வகை சார்ஜர்கள் இருக்கும். வரைபடத்தில் மையத்தைக் காட்டுகிறதே என்று ஓடிப்போய், கன் பொருந்தாமல் திரும்புவது இதனால்தான். ஆப்பில் இடத்தை மட்டும் பார்க்காமல் கன் வகையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்கூட்டர் கதை வேறு. எல்லா ஸ்கூட்டரும் பொது வேக சார்ஜரை ஏற்காது. சென்னை ஐஐடியில் தொடங்கிய ஏத்தர் நிறுவனம் தன் வண்டிகளுக்கென உருவாக்கிய எல்இசிசிஎஸ் என்ற இணைப்பு, 2023-ல் பிஐஎஸ் தரச் சான்று பெற்றது. ஹீரோவின் விடா ஸ்கூட்டர்களும் அதே இணைப்பைப் பயன்படுத்துவதால் இந்த இரண்டு வண்டிக்காரர்களும் ஒரே சார்ஜரைப் பகிர்ந்துகொள்ள முடியும். மற்ற நிறுவன ஸ்கூட்டர் வாங்குபவர்கள், "இதுக்கு வெளியில ஃபாஸ்ட் சார்ஜ் போட முடியுமா? எந்த நெட்வொர்க்?" என்று ஷோரூமிலேயே கேட்டுவிடுவது நல்லது. வீட்டு பிளக் மட்டும்தான் என்று பதில் வந்தால், அந்த வண்டிக்கு உங்கள் வீடுதான் ஒரே பங்க்.

பொது சார்ஜிங் மையம் எங்கே கிடைக்கும்?

சென்னைக்குள் நான்கு வகை இடங்களில் தேடலாம்: மால், பெரிய கடை பார்க்கிங், இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம், ஜியோ-பிபி போன்ற பங்க்குகள், கார் டீலர்களின் வளாகம், ஐ.டி. நிறுவன வளாகங்கள். இதில் கடைசி வகை பல இடங்களில் ஊழியர்களுக்கு மட்டும். டீலர் வளாகம் இரவில் பூட்டியிருக்கலாம். மாலில் சார்ஜிங் கட்டணத்தோடு பார்க்கிங் கட்டணமும் சேரும்.

டாடா பவர், கோவையைச் சேர்ந்த ஸியான், ஸ்டாட்டிக், சார்ஜ்ஸோன் எனப் பல நிறுவனங்கள் மையங்களை நடத்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஆப், பெரும்பாலும் தனி வாலெட். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க, மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2022 டிசம்பரில் 'இவி யாத்ரா' என்ற ஆப்பை வெளியிட்டது.

வெளியூர்ப் பயணம் முன்பைவிட எளிது. பாரத் பெட்ரோலியம் நிறுவனம் 2022-ல் சென்னை - திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் தன் பங்க்குகளில் வேக சார்ஜர்களை நிறுவி, அதை மின் வழித்தடமாக அறிவித்தது. ஜிஎஸ்டி சாலையிலும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் சாப்பிட நிற்கும் ஓட்டல்கள் பலவற்றில் இப்போது சார்ஜர் உண்டு. டிபன் சாப்பிட்டு, காபி குடித்து முடிப்பதற்குள் பாதி வழிக்குத் தேவையானது ஏறிவிடும். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு ஊரே கிளம்பும் நாளில் மட்டும் வரிசையைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மையம் தொடங்க மின்சாரச் சட்டத்தின்படி தனி உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. பாதுகாப்பு விதிகளையும் தரத்தையும் பின்பற்றி யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டம் ஒன்றுக்கு ஒரு மையமாவது வேண்டும் என்பதும் அதே ஆண்டு டிசம்பரில் வந்த வழிகாட்டுதலின் இலக்கு. காகிதத்தில் 3 கிலோமீட்டர் பக்கம்தான். ஆனால் இரவு 9 மணிக்கு வேலை முடிந்து வந்தவர் அங்கே போய், ஒரு மணி நேரம் காத்திருந்து, திரும்பி வர வேண்டும் என்றால் அது தூரம்தான்.

செலவு எவ்வளவு? ஒரு கணக்கு

தினமும் 40 கிலோமீட்டர் ஓடும் சிறிய காரை எடுத்துக்கொள்வோம். நகர ஓட்டத்தில் யூனிட்டுக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் என்றால், ஒரு நாளைக்கு 6 யூனிட் தேவை. மின்வாரியம் கணக்கெடுக்கும் 2 மாதத்தில் 360 யூனிட், 2,400 கிலோமீட்டர்.

பெட்ரோல் கார்: லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 160 லிட்டர். செலவு 16,000 ரூபாய்.

பொது வேக சார்ஜர் மட்டும்: யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால், சார்ஜிங் சேவைக்கான 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 23 ரூபாய் 60 காசு. 360 யூனிட்டுக்குச் சுமார் 8,500 ரூபாய்.

வீட்டு மீட்டர்: ஏற்கெனவே 2 மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் குடும்பம் என்றால், கூடுதலாகக் கட்டவேண்டியது சுமார் 2,750 ரூபாய்.

பெட்ரோலோடு ஒப்பிட்டால் பொது சார்ஜரும் லாபம்தான். ஆனால் "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார்" என்று விற்பனையாளர் சொல்லும் கணக்கு வீட்டில் சார்ஜ் போடுபவருக்கு மட்டுமே பொருந்தும். பொது சார்ஜரில் அது மூன்றரை ரூபாய்.

நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 30 யூனிட் பேட்டரியில் 10-லிருந்து 80 சதவீதம் என்றால் ஒரு தடவைக்கு 21 யூனிட் ஏறும். 360 யூனிட்டுக்கு 2 மாதத்தில் 17 தடவை போக வேண்டும். தடவைக்கு ஒரு மணி நேரம் என்றால் 17 மணி நேரம். வீட்டில் சார்ஜ் போடுபவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஸ்கூட்டருக்கு இந்தக் கவலை குறைவு. தினமும் 30 கிலோமீட்டர் ஓடினாலும் ஒரு யூனிட் அளவுதான் ஆகும். 2 மாதத்துக்கு 60 யூனிட், கரண்ட் பில்லில் கூடுவது சில நூறு ரூபாய். அதே தூரத்துக்கு லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 4,000 ரூபாய் ஆகும்.

500 யூனிட் கோடு: பில்லை மாற்றும் இடம்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். 400 யூனிட் வரை 5 ரூபாய்க்குள் இருக்கும் விலை, 500-ஐத் தாண்டிய பிறகு ஏறும் யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேலும், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேலும் போகும். அதோடு, மொத்தப் பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும்.

ஸ்கூட்டர் வாங்கும் குடும்பம் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்துவிடலாம். கார் வாங்கினால் தாண்டுவது கிட்டத்தட்ட உறுதி. கோடையில் ஏ.சி.யும் ஓடும் வீட்டில் இன்னும் மேலே போகும். மேலே சொன்ன 2,750 ரூபாயில் இதெல்லாம் சேர்ந்திருக்கிறது. அப்படியும் பொது சார்ஜரில் ஆகும் செலவில் அது மூன்றில் ஒரு பங்குதான்.

மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு: வண்டி பகலில் வீட்டில் நிற்கும் நாட்களில் அப்போதே சார்ஜ் போட்டால் பில்லில் ஏறும் யூனிட் குறையும். பொது மையங்களிலும் பகல்தான் மலிவாக இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல். காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நேரத்தில், மையங்களுக்குக் குறைந்த விலையில் மின்சாரம் தரவேண்டும் என்கிறது அது. ஆப்பில் நேரத்துக்கு நேரம் விலை மாறுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

வாடகை வீடு, அபார்ட்மென்ட்: என்ன வழி?

வீட்டில் தன் சொந்த இணைப்பிலிருந்தே வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்பதை மத்திய வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. தடை பெரும்பாலும் சட்டத்தில் இல்லை. வயரிங்கிலும், பக்கத்து வீட்டுக்காரர் சம்மதத்திலும்தான் இருக்கிறது.

அபார்ட்மென்டில் சண்டை தொடங்குவது பொது மீட்டரில். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான அந்த இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது. அந்த இணைப்பின் பிளக்கில் ஒருவர் காரைச் சொருகினால், பில் எல்லோர் தலையிலும் விழும். "நாங்க ஏன் கட்டணும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். இதற்கு வழிகள் மூன்று:

1. உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே உங்கள் பார்க்கிங் இடத்துக்குத் தனி வயர் இழுப்பது. பில் உங்கள் பெயரில் வரும், யாருக்கும் பேச்சில்லை. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து, சரியான எம்.சி.பி., எர்த் இணைப்போடு செய்ய வேண்டும்.

2. இ.வி.க்கென்று தனி இணைப்பு வாங்குவது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தம், நுகர்வோர் கேட்டால் இ.வி. சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு தர வகை செய்கிறது. பெருநகரங்களில் புதிய இணைப்புக்கான காலக்கெடுவையும் 7 நாளிலிருந்து 3 நாளாகக் குறைத்திருக்கிறது.

3. அசோசியேஷன் சார்பில் ஒரு பொது சார்ஜர். யார் எவ்வளவு எடுத்தார் என்று ஆப்பில் பதிவாகி, அவரவர் பணம் கட்டும் முறை. நான்கைந்து வண்டிகள் சேர்ந்துவிட்ட குடியிருப்புக்கு இதுதான் மலிவு.

புதிதாக ஃபிளாட் வாங்கப் போகிறீர்கள் என்றால், பார்க்கிங்கில் இ.வி. வயரிங் உண்டா என்று பில்டரிடம் கேளுங்கள். பார்க்கிங் கொள்ளளவில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதி 2019-லேயே திருத்தப்பட்டது.

வாடகைக்கு இருப்பவர்கள் முதலில் வீட்டு ஓனரிடம் பேசிவிட வேண்டும். ஒரு சப் மீட்டர் வைத்து, ஆகும் யூனிட்டுக்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்றால் பலரும் ஒப்புக்கொள்வார்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. சப் மீட்டரில் யூனிட்டுக்கு என்ன விலை என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

தெருவில் நிறுத்தும் ஸ்கூட்டர்காரர்களுக்கு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகும் மாடல் ஒரு தீர்வு. ஆனால் பேட்டரி கனமாக இருக்கும். மூன்றாவது மாடிக்குத் தினமும் தூக்க முடியுமா என்பதை ஷோரூமில் ஒருமுறை தூக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். வீட்டுக்குள் சார்ஜ் போடும்போது வாசல் பக்கமும், படுக்கை பக்கமும் வைக்கக் கூடாது. ஏதாவது நடந்தால் வெளியேறும் வழி அதுவாக இருக்கும்.

முதல் மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தெருவுக்குத் தொங்கவிட்டு சார்ஜ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கணக்கில் அதிக மின்சாரம் ஓடும்போது மெல்லிய வயர் சூடாகி உருகும். மழையில் நடந்துபோகிறவர் காலில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. இதைத் தவிர வேறு வழியில்லை என்றால், அந்த வீட்டுக்கு இப்போதைக்கு எலெக்ட்ரிக் வண்டி வேண்டாம்.

தமிழ்நாடு அரசு என்ன தருகிறது?

தமிழ்நாட்டின் முதல் இ.வி. கொள்கை 2019-ல் வந்தது. 2023 பிப்ரவரியில் புதிய கொள்கை வெளியானது. சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை ஆகிய 6 நகரங்களை இ.வி. நகரங்களாக வளர்ப்பது அதன் ஓர் அம்சம். பொது சார்ஜிங் மையம் அமைப்பவர்களுக்கு மூலதன மானியம் உண்டு என்றும் அது அறிவித்தது.

வாங்குபவருக்கு நேரடியாகப் பயன்படுவது 100 சதவீத சாலை வரி விலக்கு. இதன் மதிப்பு பலருக்கும் தெரிவதில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் சாலை வரி உயர்ந்தது. 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 12 லட்சம் ரூபாய் பெட்ரோல் காருக்கு வரி மட்டும் 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய். அதே விலை எலெக்ட்ரிக் காருக்கு விலக்கு இருந்தால் இந்தத் தொகை முழுதும் மிச்சம். ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இரு சக்கர வாகனத்துக்கு வரி 12 சதவீதம். 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஸ்கூட்டரில் மிச்சமாவது 14,400 ரூபாய்.

ஆனால் இது தேதி போட்டுத் தரப்படும் சலுகை. 2023 கொள்கை இதை 2025 டிசம்பர் 31 வரை என்று எழுதியது. அதன் பிறகு வண்டியைப் பதிவு செய்பவர்கள், பதிவு நாளில் அமலில் இருக்கும் அரசாணையைப் பார்க்க வேண்டும். இன்று புக் செய்து மூன்று மாதம் கழித்து டெலிவரி எடுத்தால், கணக்கு டெலிவரிக்குப் பிந்தைய பதிவு நாளுக்குத்தான். டீலர் தரும் ஆன்-ரோடு விலைச் சீட்டில் சாலை வரி என்ற இடத்தில் என்ன தொகை இருக்கிறது என்று பார்த்துவிட்டே முன்பணம் கட்டுங்கள்.

உணவு, பொருள் டெலிவரி செய்பவர்களுக்கென்று ஓர் அறிவிப்பும் உண்டு. இணையம் சார்ந்த சேவைப் பணியாளர்கள் 2,000 பேருக்குப் புதிய இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. நல வாரியத்தில் பதிவு செய்திருப்பதுதான் இதற்கு முதல் படி. நாளெல்லாம் வண்டியிலேயே இருப்பவர்களுக்கு எரிபொருள் மிச்சம் நேராகச் சம்பளத்தில் சேரும். அதே சமயம், சார்ஜுக்காக நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு ஆர்டர் போய்விடும். அவர்கள் வேக சார்ஜ் வசதியுள்ள மாடலைத் தேர்வு செய்வதே நல்லது.

மத்திய அரசு சலுகைகள்: எது உண்டு, எது இல்லை?

ஜிஎஸ்டி: எலெக்ட்ரிக் வாகனத்துக்கு 5 சதவீதம். 2019 ஆகஸ்டில் 12-லிருந்து குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கும், 350 சிசி வரையிலான பைக்குகளுக்கும் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், முன்பிருந்த இடைவெளி இப்போது இல்லை.

பிஎம் இ-டிரைவ்: 2024 அக்டோபர் 1 முதல் நடக்கும் 10,900 கோடி ரூபாய் திட்டம். 2025-26 நிதியாண்டில் இரு சக்கர வாகனத்துக்கு யூனிட்டுக்கு 2,500 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் மானியம். தனியாக விண்ணப்பித்து வாங்குவது அல்ல, பில்லிலேயே கழிக்கப்படும். திட்டம் 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டாலும், இரு சக்கர, மூன்று சக்கர மானியத்துக்கு 2026 மார்ச் 31 என்று 2025 ஆகஸ்ட் அறிவிக்கை கெடு வைத்தது. பொது சார்ஜர்களுக்கு இதே திட்டத்தில் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

சொந்தக் காருக்கு மானியம்: இந்தத் திட்டத்தில் கிடையாது.

பதிவுக் கட்டணம்: பேட்டரி வாகனங்களுக்கு ஆர்.சி. புத்தகம் வழங்கவும் புதுப்பிக்கவும் கட்டணம் இல்லை. 2021 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ளது.

இன்சூரன்ஸ்: மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பாலிசியில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வருமான வரி: வாகனக் கடன் வட்டிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கழிவு தந்த 80இஇபி பிரிவு, 2023 மார்ச் 31-க்குள் ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு மட்டுமே. இப்போது வாங்கும் கடனுக்கு இதைச் சொல்லி யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

மழை, வெயில்: சென்னைக்காரர் கவனிக்க வேண்டியது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல குடியிருப்புகளின் பார்க்கிங்கில் வெள்ளம் புகுந்ததை நகரம் மறந்திருக்காது. உங்கள் ஏரியா தண்ணீர் தேங்கும் ஏரியா என்றால் சார்ஜரையும் பிளக்கையும் முந்தைய வெள்ள மட்டத்துக்கு மேலே பொருத்தச் சொல்லுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே சார்ஜ் போட்டு, வண்டியை மேடான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஆன் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது, சர்வீஸ் சென்டர்தான் வந்து எடுக்க வேண்டும்.

அக்னி நட்சத்திர வெயிலில் ஓட்டி வந்த உடனே சார்ஜில் போடாமல், நிழலில் சிறிது நேரம் ஆறவிட்டுப் போட்டால் பேட்டரிக்கு நல்லது.

யாருக்கு ஒத்துவரும்?

சொந்த பார்க்கிங்கும் பிளக்கும் இருந்தால், தயங்க வேண்டிய அவசியம் குறைவு. ஆபீசில் சார்ஜர் இருந்தால், வீட்டில் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். ஆனால் வேலை மாறினால் சார்ஜரும் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும். இரண்டும் இல்லாமல் பொது சார்ஜரை மட்டுமே நம்பி கார் வாங்குபவர்கள், அந்த 17 மணி நேரக் கணக்கைத் தங்கள் ஓட்டத்துக்கு ஏற்ப ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. இரவில் வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் 15 ஆம்பியர் பிளக்கும் முறையான எர்த்தும் இருக்கிறதா?
2. வீட்டு ஓனர் அல்லது அசோசியேஷன் எழுத்தில் சம்மதித்துவிட்டார்களா?
3. 7.4 கிலோவாட் சார்ஜர் போடுவதானால், இப்போதுள்ள மின்பளு போதுமா, உயர்த்த வேண்டுமா?
4. வீட்டிலிருந்து பக்கத்தில் உள்ள இரண்டு பொது மையங்கள் எவை? அவற்றின் கன் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா? இரவில் திறந்திருக்குமா?
5. ஆன்-ரோடு விலையில் சாலை வரி எவ்வளவு? பதிவு நாள் வரை விலக்கு செல்லுமா?
6. கடைசி இரண்டு கரண்ட் பில்லில் எத்தனை யூனிட்? வண்டியைச் சேர்த்தால் 500-ஐத் தாண்டுமா?

நான்காவது கேள்விக்கு ஆப்பை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நாள் மாலை, வேலை முடிந்து வரும் நேரத்தில், அந்த மையத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். சார்ஜர் வேலை செய்கிறதா, வேறு வண்டி இடத்தை மறித்து நிற்கிறதா, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். இந்த ஆறுக்கும் பதில் கிடைத்த பிறகு கலரைத் தேர்வு செய்யலாம்.